நாட்குறிப்பில் நாடக வழக்கு: ஆனந்தரங்கப் பிள்ளையின் எழுத்து குறித்த ஓர் ஆய்வு

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுவோர் உரையாசிரியர்களின் உரைகளையும், கிறித்தவத் தொண்டர்களின் நூல்களையும் விரிவாக ஆராய்வர். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஒரு பத்தியளவில் சுட்டி அப்பால் செல்வர். வரலாற்றாசிரியரோ அந்நூலைப் பெரிதும் போற்றுவர். ஆயினும் அவர் போற்றுவது அதன்கண் அடங்கிய செய்திகளையே. மொழிநூலார்க்கு அது பதினெட்டாம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழின் களஞ்சியம். வரலாற்றார்க்கு அது பிரெஞ்சியர் ஆட்சியின் சான்றேடு. இவ்விரு திறத்தார்க்கும் நடுவே, அதனை ஓர் இலக்கியமாகக் கொண்டு திறனாய்வு செய்தோர் சிலரே.

இலக்கியமாகக் கொள்ளுதற்கு அஃது உரியதா என்னும் வினா ஈண்டு எழும். நாள்தோறும் நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு எழுதிவைத்தல் இலக்கியம் ஆகுமோ எனின், அவ்வாறு எழுதிவைத்தல் எவர்க்கேனும் இயலுமோ என்று திருப்பி வினவ வேண்டியுள்ளது. குறிப்பு எழுதுவோன் தான் கண்ட உலகத்தைப் பதிவு செய்கின்றானா? அன்றித் தான் வாழ விரும்பும் உலகத்தை எழுத்தில் அமைத்துக்கொண்டு, பின்னர் அதனுள் வாழ்கின்றானா? இவ்வினாவிற்கு விடை காண ஆனந்தரங்கப் பிள்ளையின் ஏட்டைக் காட்டினும் தக்க களம் தமிழில் இல்லை என்பது நம் கருத்து.

1. குறிப்பு என்னும் சொல்

நாட்குறிப்பு என்னும் தொடரிலுள்ள ‘குறிப்பு’ என்னும் சொல்லை நாம் இன்று எழுதிவைக்கும் சிறு செய்தி என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குகிறோம். பண்டைத் தமிழில் அச்சொல்லின் பொருட்பரப்பு பெரிது. தொல்காப்பியர் காலத்தை வெளிப்படக் காட்டாத வினையைக் குறிப்பு என்றார். வள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்னும் ஒரே பெயரால் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். ஒன்று அமைச்சியலில், அரசன் உள்ளக் கருத்தை அறிதல் பற்றியது. மற்றொன்று காமத்துப்பாலில், காதலர் உள்ளக் கருத்தை அறிதல் பற்றியது. ஆகவே குறிப்பு என்பது வாய் திறந்து சொல்லப்படாத உள்ளக் கருத்து. எழுதிவைக்கும் செய்திக்கும் எழுதாது நிற்கும் கருத்திற்கும் தமிழில் ஒரே பெயர் அமைந்தமை நம் ஆய்வுக்குப் பெருந்துணை செய்கிறது. நாட்குறிப்பில் எழுதிய செய்தியும் உண்டு. எழுதியவன் உள்ளமும் உண்டு. முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னதை விடுத்தல் பாதி நூலைப் படித்தலாகும்.

இன்னும் ஒரு கருவியைத் தொல்காப்பியம் நமக்குத் தருகின்றது. அகப்பொருட் பாடலின் இயல்பைக் கூறுமிடத்து ஆசிரியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைச் சுட்டி, இரண்டும் இயைந்து அமைவதனைப் புலனெறி வழக்கம் என்றார். உலகத்தார் ஒழுகுமாறு கூறுதல் உலகியல் வழக்கு. நாடக வழக்காவது, சுவை பயக்கும் நிகழ்ச்சிகளையெல்லாம் ஓரிடத்தே நிகழ்ந்தனவாகத் தொகுத்து உரைத்தல் என்பது இளம்பூரணர் கொள்கை. அவர் நாடக வழக்கைப் பொய் என்று சொல்லவில்லை. சிதறிக் கிடப்பனவற்றைத் தொகுத்தலும், தேர்தலும், ஒழுங்குறுத்தலுமே அதன் தொழில் என்றார். இக்கருத்து செய்யுளுக்கு உரியதே எனினும், நாட்குறிப்பை ஆராய்வதற்கும் இதனை அளவுகோலாகக் கொள்ளலாம்.

2. நூலும் ஆசிரியரும்

ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். இவர்தம் தந்தையார் திருவேங்கடம் பிள்ளை, தம் மைத்துனர் நைனியப் பிள்ளையின் அழைப்பை ஏற்றுப் புதுச்சேரியிற் குடியேறினார். நைனியப் பிள்ளை பிரெஞ்சுக் கும்பினியின் துபாசியாக விளங்கிச் செல்வமும் செல்வாக்கும் எய்தியவர். ஆட்சியாளரின் சினத்துக்கு இலக்காகி 1716இல் சிறையிடப்பட்டு, மறு ஆண்டு சிறையிலேயே உயிர்நீத்தவர். அவர் மகன் குருவப் பிள்ளை பிரான்சு நாடு சென்று முறையிட்டுச் செவாலியே பட்டமும் துபாசிப் பதவியும் பெற்று மீண்டார், 1724இல் மறைந்தார். உயர்வும் வீழ்ச்சியும் ஒரு துரையின் முகக்குறிப்பைப் பொறுத்தன என்னும் உண்மை, ஆனந்தரங்கர்க்கு இளமையிலேயே குடும்ப வரலாறாகக் கிடைத்தது. அவர் நாள்தோறும் எழுதத் தொடங்கியதன் காரணத்தை ஆராய்வார் இதனை மறத்தல் கூடாது.

நளவருடம், அதாவது 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் அவர் குறிப்பெழுதத் தொடங்கினார். அப்போது அவர்க்கு அகவை இருபத்தேழு. 1761 சனவரியில் உயிர் பிரியும் காலம் வரை, இடையிடையே சில பகுதிகள் நமக்குக் கிடையாது போயினும், கால் நூற்றாண்டு இவ்வெழுத்து தொடர்ந்தது. நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் அது வீட்டினுள்ளே உறங்கிற்று. 1846இல் காலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சு அலுவலர் அதனைக் கண்டு படியெடுப்பித்தார். அதன்பின் 1904 முதல் 1928 வரை சென்னை அரசினர் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். தமிழ் மூலமோ 1948 முதற்கொண்டே புதுச்சேரியில் தொகுதி தொகுதியாக அச்சேறத் தொடங்கியது. தமிழில் எழுதப்பட்ட நூல் ஒன்றைத் தமிழர் ஆங்கிலத்தின் வாயிலாகவே நெடுங்காலம் அறிந்திருந்தனர். மொழிபெயர்ப்பில் செய்தி எஞ்சும். எழுதியவன் குரல் எஞ்சுதல் அரிது. இந்நூல் சான்றேடாகவே மதிக்கப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம் என்க.

3. கணக்கேட்டின் அமைப்பு

ஆனந்தரங்கர் வணிகர். அவர் கைக்குப் பழகிய எழுத்து வணிகக் கணக்கு. நாட்குறிப்பின் புற அமைப்பும் அவ்வாறே அமைந்துள்ளது. ஆண்டு, திங்கள், நாள், கிழமை, நாழிகை ஆகியவற்றை முதலில் வைத்து, கப்பல் வரவு, கப்பல் போக்கு, வந்த சரக்கு, வந்த கடிதம், முழங்கிய பீரங்கிகளின் எண்ணிக்கை, வழங்கிய வெகுமதி என ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவு செய்கிறார். காதால் கேட்டவற்றையும் கண்ணால் கண்டவற்றையும் எழுதுவதே தம் நோக்கம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துக்கொள்கிறார். இஃது உலகியல் வழக்கின் உறுதிமொழி.

இவ்வுறுதிமொழி ஏட்டிற்கு நம்பகத்தன்மையை அளிக்கிறது. கப்பல் வந்த நாழிகையைத் துல்லியமாகக் கூறுபவர், கவர்னர் கூறிய சொல்லையும் துல்லியமாகவே கூறுவார் என்று படிப்போர் எண்ணுகின்றனர். கணக்கின் நேர்மை உரையாடலுக்கும் சென்று பற்றிக்கொள்கிறது. நாடக வழக்கு உள்ளே நுழையும் வாயில் இதுவே. முழுதும் புனைந்துரைத்த நூலைக் கண்டால் நாம் விழிப்புடன் இருப்போம். எண்ணும் நாளும் நாழிகையும் சூழ்ந்து நிற்குமிடத்தில் விழிப்பு தளர்கின்றது.

4. துபாசியின் உரையாடல்

இந்நூலின் தனிச்சிறப்பு உரையாடல்களே என்பதில் ஐயமில்லை. டூப்ளே துரை 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்த காலத்தில் அவரோடு ஆனந்தரங்கர் பேசியவை பக்கம் பக்கமாக நேர்கூற்றில் எழுதப்பட்டுள்ளன. அவர் கேட்டார், நான் சொன்னேன், அதற்கு அவர் நகைத்து இன்னது கூறினார், அப்போது இன்னார் உள்ளே வந்தார் என நாடகக் காட்சிபோல் அவை விரிகின்றன. வினாவும் விடையும் தடையின்றி இயங்குகின்றன. முகபாவமும் குரல் வேறுபாடும் சுட்டப்படுகின்றன.

இங்கு இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ள வேண்டும். டூப்ளே தமிழில் பேசியவர் அல்லர். எனவே ஏட்டில் அவர் பேசும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் ஆனந்தரங்கரின் சொல். துபாசி என்பதன் பொருளே இருமொழியாளன் என்பது. பகலில் ஒருவர் மொழியை மற்றவர்க்குப் பெயர்த்துரைப்பதே அவர் தொழில். ஏட்டின் முன் அமர்ந்தபோதும் அத்தொழிலையே அவர் தொடர்ந்தார், கேட்பவர் தாமேயாக. இரண்டாவது, நீண்ட உரையாடல் ஒன்றைச் சில நாழிகை கழித்து எழுதுபவர் நினைவிலிருந்தே எழுதுகிறார். நினைவு தொகுக்கும், தேரும், ஒழுங்குறுத்தும். இளம்பூரணர் நாடக வழக்கிற்குக் கூறிய இலக்கணம் இங்கு வந்து பொருந்துகின்றது.

அவ்வுரையாடல்களில் ஒரு போக்கு மீண்டும் மீண்டும் தோன்றக் காண்கிறோம். சிக்கலான நிலைமை ஒன்று நேர்கிறது. பிறர் தவறான கருத்துரைக்கின்றனர். ஆனந்தரங்கர் பணிவுடன் தம் கருத்தைக் கூறுகிறார். துரை அதனை வியந்து ஏற்கிறார். நிகழ்ந்தவாறே இவ்வளவு ஒழுங்காக எப்போதும் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயத்திற்குரியது. ஆயினும் இதனைத் தற்புகழ்ச்சி என்று ஒதுக்கிவிடுதல் திறனாய்வு ஆகாது. தற்புகழ்ச்சி கேட்பாரை வேண்டும். இவ்வேட்டைப் படிப்பார் அவர் காலத்தில் வீட்டாரன்றிப் பிறர் இலர். பின் யாருக்காக இக்காட்சிகளை அமைத்தார்? தமக்காகவே அமைத்தார் என்பதே நாம் காணும் விடை. நாளை துரையின் முன் நிற்கப்போகும் மனிதனை அவர் இன்றிரவு ஏட்டில் ஒத்திகை பார்த்தார்.

இவரை இங்கிலாந்தின் சாமுவேல் பெப்பிசு என்பாரோடு ஒப்பிடுதல் வழக்கம். பெப்பிசு 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் குறிப்பெழுதியவர். தம் குற்றங்களையும் சபலங்களையும் மறையாது எழுதியவர். ஆனந்தரங்கர் எழுதியது அத்தகைய அகவாழ்வை அன்று. அவர் எழுதியது அவைக்களத்தில் நின்ற தம் உருவத்தை. பெப்பிசின் ஏடு ஒப்புரவு அறை என்றால் ஆனந்தரங்கரின் ஏடு ஒத்திகை மேடை எனலாம். இவ்வேற்றுமையைக் கருதாது இருவரையும் ஒரு தட்டில் நிறுத்துதல் பொருந்தாது.

5. பதவிக்கு முன் பதவி

தனியொருவர் எழுத்து அவர்தம் நனவுலகை எவ்வாறு உருவாக்குகிறது என்பதற்கு 1746, 1747ஆம் ஆண்டுகளின் பகுதிகளே சிறந்த சான்று. தலைமைத் துபாசியாக இருந்த கனகராய முதலியார் 1746 பிப்பிரவரியில் காலமானார். அவர் கிறித்தவர். அப்பதவி கிறித்தவர் ஒருவர்க்கே மீண்டும் வழங்கப்பெற வேண்டும் என்று பாதிரிமார் விரும்பினர். முதலியாரின் உறவினர் ஒருபால். வேறு சிலர் மற்றொருபால். கவர்னரின் மனைவியாரின் விருப்பு வெறுப்பு பிறிதொருபால். ஆனந்தரங்கர் இந்து சமயத்தவர். பதவி உறுதியாதற்குள் நெடுங்காலம் கழிந்தது. அதே 1746இல் சென்னைப்பட்டினம் பிரெஞ்சியர் கைவசமாயிற்று. நாடே குழம்பியிருந்த காலம் அது.

இக்காலத்துக் குறிப்புகளில் மூன்று இழைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, தம்மைக் குறித்துப் பிறர் கூறிய நல்லுரைகளின் பதிவு. இரண்டு, கோள்நிலை, சகுனம், சோதிடர் கூற்று ஆகியவற்றின் பதிவு. மூன்று, போட்டியாளர் செய்த பிழைகளின் பதிவு. இவற்றுள் ஒவ்வொன்றும் தனியே நோக்கின் சிறு செய்தியே. நாள்தோறும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது அவை ஒரு கதையாகின்றன: தகுதியுடையான் ஒருவன் உளன், கோள்கள் அவன் பக்கம் உள்ளன, தகுதியிலார் தாமே விலகிக்கொண்டிருக்கின்றனர். கதையின் முடிவு இன்னும் நிகழவில்லை. ஆனால் கதையின் அமைப்பு அம்முடிவையே நோக்கி நிற்கிறது.

தலைமைத் துபாசிப் பதவி அவர்க்கு வந்தபோது, அது புதிதாக வந்தது போன்ற வியப்பு ஏட்டில் மிகுதியாக இல்லை. ஏட்டினுள் அவர் அப்பதவியில் முன்னமே அமர்ந்துவிட்டார். துரையின் உள்ளக் கருத்தை அறிதல், அதற்கேற்ப ஒழுகுதல், அவைக்களத்தில் அளவறிந்து பேசுதல் ஆகிய அமைச்சர்க்குரிய தகுதிகள் அனைத்தையும் எழுத்திற் பயின்றவர், நனவில் அவற்றைச் செய்து காட்டினார். குறிப்பெழுதியதனால்தான் பதவி வந்தது என்று கூறுதல் மிகை. செல்வமும் வணிகத்திறனும் டூப்ளேயின் தேவையுமே அதற்கு முதற் காரணங்கள். ஆயினும் நீண்ட காத்திருப்பில் உள்ளம் சிதையாது ஒரு நிலையில் நின்றதற்கும், பதவி வந்தவுடன் அதற்குரிய மனிதராகத் தோன்றியதற்கும் அவ்வெழுத்துப் பயிற்சி துணைநின்றது என்று கூறத் தடையில்லை.

6. கோவைத் தலைவனும் குறிப்பேட்டு மனிதனும்

ஆனந்தரங்கரைப் புலவர் பலர் பாடியுள்ளனர். தியாகராச தேசிகர் அவர்மீது ‘ஆனந்தரங்கன் கோவை’ இயற்றினார். சீனிவாச கவி வடமொழியில் ‘ஆனந்தரங்க விசய சம்பு’ பாடினார். இவை மரபுவழிப்பட்ட புகழ் நூல்கள். அவற்றில் வரும் ஆனந்தரங்கர் எக்காலத்து வள்ளலுக்கும் பொருந்தும் அணிகளை அணிந்தவர்; பெயரை நீக்கிவிடின் வேறொருவர் பெயரை அங்கு அமைக்கலாம்.

நாட்குறிப்பிலும் புகழ் உண்டு. ஆயினும் அங்குப் புகழ் தனியே நிற்பதில்லை. கடன் கொடுத்தோர் நெருக்குதல், போட்டியாளர் சூழ்ச்சி, துரையின் மனைவியார் கொண்ட பகை, உடல் நலிவு, வணிக இழப்பு ஆகியவற்றின் நடுவே அது நிற்கிறது. எனவே அதனை நம்புகிறோம். முழு நாடக வழக்காகிய கோவை அவரை உயர்த்தியும் உயிர்பெறச் செய்யவில்லை. உலகியலும் நாடகமும் இயைந்த குறிப்பேடு அவரை உயிருடன் நிறுத்தியுள்ளது. தொல்காப்பியர் இரண்டையும் இணைத்தே புலனெறி வழக்கம் என்றதன் நுட்பம் இவ்விரு நூல் வகைகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து இனிது விளங்கும். கோவையைப் புலவர்கள் இலக்கியம் என்றனர். குறிப்பேட்டை எழுதியவரே அவ்வாறு கருதவில்லை. காலம் வழங்கிய தீர்ப்பு வேறாக அமைந்தது.

7. எழுத்தின் எல்லை

எழுத்தால் உலகை அமைத்துக்கொள்வோர்க்கு அவ்வுலகின் சுவர்களும் உண்டு. 1748இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பொசுகாவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, செப்டம்பர் திங்களில், வேதபுரீசுவரர் கோயில் பிரெஞ்சியரால் இடிக்கப்பட்டது. நகரத்து இந்துக்களின் தலைவராக மதிக்கப்பட்ட ஆனந்தரங்கர் அதனைத் தடுக்க இயலவில்லை. அந்நாள்களின் குறிப்புகளில் துயரம் உண்டு. டூப்ளே மனைவியார்மீதும் பாதிரிமார்மீதும் சினம் உண்டு. தம் சமூகத்தார் ஒற்றுமையின்மை பற்றிய வருத்தமும் உண்டு. ஆனால் துரையிடம் அணுக்கம் பெற்ற தாம் என் செய்திருக்கலாம் என்னும் வினா அங்கு முழு வடிவில் எழவில்லை. எல்லா உரையாடல்களிலும் வெல்லும் ஒருவனாகத் தம்மைப் பல்லாண்டு எழுதிப் பழகியவர்க்கு, தோற்ற இடத்தில் தம்மை நிறுத்தி எழுதும் மொழி கைவரவில்லை. குறிப்பேடு அவர்க்கு வலிமை தந்தது போலவே மறைப்பும் தந்தது.

டூப்ளே 1754இல் நாடு திரும்பிய பின் நிலைமை மாறிற்று. 1756இல் பதவியும் போயிற்று. பிற்காலக் குறிப்புகளில் பழைய நாள்களை நினைந்து, இன்றைய ஆட்சியின் ஒழுங்கின்மையைக் கடிந்து எழுதும் முதியவர் ஒருவரைக் காண்கிறோம். நோய் வருத்திய காலத்தும் எழுத்து ஓயவில்லை. 1761 சனவரியில் அவர் மறைந்தார்; அதே திங்களில், சில நாள் இடைவெளியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. கோட்டையும் மாளிகைகளும் தகர்க்கப்பட்டன. டூப்ளேயின் புதுச்சேரியை இன்று நாம் காண வேண்டுமாயின் இவ்வேட்டினுள்ளேதான் பெரும்பான்மையும் காண முடியும். ஒருவர் தமக்கென அமைத்துக்கொண்ட உலகம் நமக்கெல்லாம் வரலாற்று உலகம் ஆயிற்று.

8. ஒரு மறுப்பும் விடையும்

இவ்வாறு கூறின் நாட்குறிப்பின் வரலாற்று மதிப்புக் குன்றாதோ என்று சிலர் வினவுவர். கப்பல் வரவும், முற்றுகை நாளும், கடித உள்ளடக்கமும் பிரெஞ்சு, ஆங்கில ஆவணங்களோடு ஒத்திட்டுப் பார்த்தற்குரியன; அவ்வகையில் வரலாற்றறிஞர் அவற்றை நம்பிப் பயன்படுத்துதல் முறையே. நாம் கூறுவது, செய்தியைக் கொள்ளும் அளவுகோல் ஒன்று, உரையாடலைக் கொள்ளும் அளவுகோல் பிறிதொன்று என்பதே. டூப்ளேயின் வாய்மொழி என்று ஓர் ஆய்வாளர் மேற்கோள் காட்டும்போது, அஃது ஆனந்தரங்கர் வாய்வழி வந்த டூப்ளேயின் மொழி என்பதை உடன் குறித்தல் வேண்டும்.

மற்றொரு சாரார், முழுதும் தன்னலப் புனைவு என்று இதனைத் தள்ளுவர். அவர்க்கும் விடை உண்டு. தமக்குத் தீமையாய் முடிந்தவற்றையும், துரை தம்மைக் கடிந்தவற்றையும் ஆனந்தரங்கர் பல இடங்களில் எழுதியுள்ளார். புனைவு மட்டுமே நோக்கமாயின் அவை இடம்பெற வேண்டுவதில்லை. உலகியலின் கடுமை நாடகத்தைத் தடுத்து நிறுத்தும் அவ்விடங்களே நூலின் மிகச் சிறந்த பகுதிகள்.

9. பிறர் எழுதும் குறிப்பு

தன்னைத் தானே எழுதிக்கொண்ட ஒருவரைப் பற்றி இதுகாறும் கூறினோம். எழுதும் வாய்ப்பில்லாதாரை உலகம் என் செய்யும் என்னும் வினாவைத் தொடாது விடின் இவ்வாய்வு நிறைவு பெறாது. எழுத்து ஒருவன் உலகை உருவாக்க வல்லதாயின், பிறன் எழுதும் எழுத்தும் அவ்வாறே உருவாக்க வல்லது. அதற்குச் சான்று நாடிப் புதுச்சேரியில் நிற்க வேண்டுவதில்லை. மதுரைக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்துப் பேரையூர் வட்டாரமே சான்று கூறும்.

1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரைச் சமவெளியின் பிறமலைக் கள்ளர்மீது ஏவப்பட்டபோது, ஊர்தோறும் ஆடவர் பெயர் ஏட்டில் பதியப்பட்டது. கைரேகை எடுக்கப்பட்டது. மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே வழங்கினர். ஏட்டில் பெயர் ஏறியவர் இரவில் காவல் நிலையத்தில் தங்க வேண்டும். ஊர்விட்டு ஊர் செல்லச் சீட்டுப் பெற வேண்டும். ஒரு குலத்தில் பிறந்தார் அனைவரும் பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்பது புனைந்துரை. ஆனால் பெயர், தந்தை பெயர், ஊர், ரேகை என எண்ணும் அடையாளமும் சூழ அது எழுதப்பட்டமையால் உலகியல் உண்மைபோல் தோன்றிற்று. ஆனந்தரங்கர் ஏட்டில் நாம் கண்ட அதே முறை இங்கு வேறு நோக்கத்திற்குப் பயன்பட்டது. அங்கு ஒருவரை உயர்த்திய எழுத்து, இங்கு ஒரு மக்கட்கூட்டத்தைத் தாழ்த்திற்று. உழவனும் அவ்வேட்டின்படியே இரவில் வாழ வேண்டியவன் ஆனான்.

சேடபட்டிப் பகுதியைச் சேர்ந்த பெருங்காமநல்லூர் மக்கள் அவ்வேட்டில் பெயர் எழுதிக்கொள்ள மறுத்தனர். 1920 ஏப்பிரல் 3ஆம் நாள் காவலர் சுட்டதில் 16 பேர் உயிர் துறந்தனர். அவருள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். எழுத்துக்கு இத்துணை ஆற்றல் உண்டு என்பதை அவ்வூர் மக்கள் கற்றோரினும் நன்கறிந்திருந்தனர் என்றே கொள்ளல் வேண்டும். பிறர் எழுதும் தம் உருவத்தை ஏற்க மாட்டோம் என்பதே அம்மறுப்பின் பொருள். சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

இவ்விரு ஏடுகளுக்கும் தமிழ்ப் புதினம் பிற்காலத்தில் விடையளித்துள்ளது. பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’ ஆனந்தரங்கர் ஏட்டை அடிப்படையாகக் கொண்டு எழுந்து 1995இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. துபாசியின் ஏட்டில் ஓரிரு வரியில் தோன்றி மறையும் எளியோர்க்கும் அது முகம் தந்தது. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ மதுரையின் நெடிய வரலாற்றைக் களவும் காவலும் வாழ்வாகக் கொண்ட ஊரார் பக்கம் நின்று கூறி, 2011இல் அதே பரிசைப் பெற்றது. முன்னதற்குக் கிடைத்தது நிறைந்த ஏடு. பின்னதற்குக் கிடைத்தது பகைவர் எழுதிய ஏடும் மக்கள் வாய்மொழியும். முன்னதில் கற்பனை ஏட்டின் இடைவெளிகளை நிரப்புகிறது. பின்னதில் கற்பனை ஏட்டோடு வழக்காடுகிறது. இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்தல் முதுகலை மாணவர்க்கு நல்லதோர் ஆய்வுப்பொருளாகும்.

10. முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. நாட்குறிப்பு என்பது உலகியல் வழக்கால் தொடங்கி நாடக வழக்கால் நிறைவுறும் இலக்கிய வகை. அதன் நம்பகத்தன்மை எண்ணிலும் நாளிலும் உள்ளது. அதன் ஆற்றல் தொகுப்பிலும் தேர்விலும் உள்ளது. ஆனந்தரங்கப் பிள்ளை நாள்தோறும் எழுதியதனால் காத்திருக்கும் வலிமையும், அவைக்களத்தில் நிற்கும் உருவமும் பெற்றார். அவ்வுருவத்துக்கு அப்பாற்பட்ட தம்மைக் காணும் வாய்ப்பைச் சிறிது இழந்தார். அவர் குடும்பத்தவராகிய முத்து விசயத் திருவேங்கடம் பிள்ளையும், இரண்டாம் வீராநாயக்கரும் பின்னர் குறிப்பெழுதினமையின் புதுச்சேரியில் இஃதொரு மரபாகவே வளர்ந்தது. அவற்றையும் ஒருங்குவைத்து ஆராயின் தமிழ் நாட்குறிப்பின் இலக்கணம் விளங்கும்.

எழுதிவைத்தாரே வரலாற்றில் நிலைபெறுகின்றனர். கனகராய முதலியாரின் உறவினரும், துபாசிப் பதவிக்குப் போட்டியிட்ட பிறரும் தம் பக்கத்து வழக்கை எழுதி வைக்காமையால், இன்றளவும் ஆனந்தரங்கர் தீட்டிய முகத்துடனேயே நம்முன் நிற்கின்றனர். அவர்க்கும் ஓர் ஏடு இருந்திருப்பின் 1746ஆம் ஆண்டின் புதுச்சேரி வேறொரு நகரமாக நமக்குத் தோன்றியிருக்கும். இதனை உளத்திற் கொண்டு, எழுதப்பட்ட ஒவ்வொரு ஏட்டின் அருகிலும் எழுதப்படாத ஏடுகள் பல உள என்று கருதிப் படித்தலே திறனாய்வாளர் கடமையாகும். சிற்றூர்களில் பரண்மேல் கிடக்கும் வீட்டுக் கணக்கேடுகளையும், முதியோர் எழுதிவைத்த குடும்பக் குறிப்புகளையும் தமிழ்த்துறைகள் தேடித் தொகுக்குமாயின், அத்தகைய ஏடுகளுட் சில நம் கைக்கு வந்து சேர்தல் கூடும்.